சந்தேகம் வந்தால் ஒரு போன் போடுங்கள்: விசா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

விசா பிரிவு அதிகாரிகளுக்கு,

குடியாத்தத்திலிருந்து வணக்கம். நீங்கள் எந்த நாட்டுத் தூதரகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஒன்று, அது போதும். என் அக்காவின் விசா விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறீர்கள். அதற்கான மேல்முறையீடு முறைப்படி, உங்கள் நாட்டு மொழியிலேயே தனியாக வருகிறது. அந்தப் படிவத்தில் எழுத இடமில்லாததை ஊரறிய இங்கே எழுதுகிறேன். வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று இந்தப் பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் பலருக்கும் இது பொருந்தும்.

நான் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைக் காகிதத்தில் அடக்கும்போது எது விழும், எது விழாது என்பது கொஞ்சம் தெரியும்.

அக்காவின் மகள் வேலூரில் நர்சிங் படித்தவள். இப்போது உங்கள் நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறாள். அவளுக்கு வேலை விசா கொடுத்ததும் நீங்கள்தான். மாசியில் தலைப்பிரசவம். எங்கள் பக்கம் முதல் பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். இவளால் வர முடியாது, அதனால் அம்மா போகிறார். அக்கா மட்டும்தான். கறவை மாடுகளையும் கரும்பையும் போட்டுவிட்டு மாமாவும் சேர்ந்து கிளம்ப முடியாது.

உங்களிடமிருந்து வந்தது ஒரு படிவம். 2009-ஆம் ஆண்டின் விசா விதித்தொகுப்புப்படி ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் அதே படிவம்தான்: காரணங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும், பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம். விசாக் காலம் முடிவதற்குள் திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. சரி, சந்தேகம் எதனால் வந்தது? பணமா, நிலமா, மகள் அங்கே இருப்பதா? ஒரு வரியும் இல்லை. 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. அது திரும்பி வராது, போகட்டும். காரணமாவது வந்திருக்கலாம்.

நீங்கள் சொல்லாததால் நானே ஊகிக்க வேண்டியிருக்கிறது. முதல் சந்தேகம் வங்கிக் கணக்காகத்தான் இருக்கும். மாமாவின் கணக்கில் மாதக்கணக்கில் சில்லறை வரவு, அப்புறம் திடீரென்று ஒரு பெரிய தொகை. விசாவுக்காகக் கடன் வாங்கிப் போட்ட பணம் என்று தோன்றியிருக்கும். அது அம்முண்டி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வெட்டி அனுப்பிய கரும்பின் பணம். கரும்புக்காரனுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு வெட்டு, அதற்கு ஒரு பணம். அதிலேயே சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடனைக் கட்டி, நகையை மீட்டு, மிச்சத்தை வைத்து அடுத்த வெட்டு வரை ஓட்ட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், உங்களுக்குப் பிடித்த மாதிரி ஸ்டேட்மென்ட் தயாரித்துக் கொடுக்க வெளியே ஆள் இருக்கிறது. வட்டி வாங்கிக்கொண்டு பணத்தைக் கணக்கில் போட்டு, சில மாதம் அசையாமல் வைத்திருந்து எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கு பார்க்க லட்சணமாக இருக்கும். மேடும் பள்ளமுமாக இருக்கும் அசல் விவசாயியின் கணக்குதான் உங்கள் கண்ணை உறுத்தும்.

இரண்டாவது, வருமான வரி ரிட்டர்ன். பட்டியலில் கேட்டிருந்தீர்கள், மாமாவிடம் இல்லை. இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. வேறு வருமானம் இல்லாத விவசாயி ரிட்டர்ன் போடாமல் இருப்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இதைச் சொல்லி ஒரு கடிதம் வைத்திருந்தோம். படித்தீர்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

மூன்றாவது, நிலம். அது இன்னும் மாமாவின் அப்பா பெயரில் இருக்கும் கூட்டுப் பட்டா. அவர் காலமாகி வருஷங்களாகிறது. அண்ணன் தம்பிகள் சண்டையில்லாமல் பிரித்து உழுகிறார்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் இன்னும் பதியவில்லை. வடாற்காட்டுக் கிராமங்களில் இது ரொம்பச் சாதாரணம்.

உங்களுக்குச் சட்டம் தரும் அதிகாரத்தை நான் மறுக்கவில்லை. கௌஷ்காக்கி வழக்கில் 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், விண்ணப்பதாரர் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நூற்றுக்கு நூறு உறுதி தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றது. அதே தீர்ப்பு, அந்தச் சந்தேகத்தை எடைபோடும்போது அவரவர் குடும்ப, சமூக, பொருளாதார நிலையைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் சமூக நிலைக்கு உங்கள் பட்டியலில் இடம் எங்கே? அக்காவின் திரும்பும் டிக்கெட் சித்திரைக் கடைசியில். ஏன் தெரியுமா? வைகாசி ஒன்று குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு அக்கா வீட்டில் சொந்தபந்தம் முழுக்க வந்து இறங்கும். அதற்கு அவர் ஊரில் இல்லாமல் போவார் என்று இங்கே யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

மற்ற நாடுகளைப் பார்த்தால் நீங்கள் தேவலைதான். அமெரிக்க சுற்றுலா விசாவில், திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்று 214(பி) பிரிவில் மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இருந்த முழு மேல்முறையீட்டு உரிமையை பிரிட்டன் 2013 ஜூனில் எடுத்துவிட்டது. உங்கள் பக்கம், 2017 டிசம்பரில் எல் ஹசானி வழக்கில் அதே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, எந்த ஷெங்கன் நாடும் கடைசியில் நீதிமன்றத்துக்குப் போக வழி வைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த வழி எப்படி இருக்கிறது? எந்தக் காரணத்துக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல், தெரியாத மொழியில், கெடு வைத்து எழுத வேண்டும். ஜெர்மனி 2025 ஜூலையிலிருந்து தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியையும் மூடிவிட்டது. நீதிமன்றம் முடிவு சொல்வதற்குள் குழந்தைக்குப் பல் முளைத்துவிடும்.

“புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள், முன்பு மறுத்தார்கள் என்பதற்காகத் தானாக மறுக்க மாட்டார்கள்” என்று ஏஜென்ட் சொல்கிறார். விதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நாளைக்கு கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ விண்ணப்பித்தால், எந்த நாடாவது விசா மறுத்ததுண்டா என்று கேட்பார்கள். அக்கா ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். அதனால்தான் மேல்முறையீடு.

நான் கேட்பது ஒன்றுதான். சந்தேகம் வந்தால், டிக் அடிப்பதற்கு முன்னால் கேளுங்கள். கூடுதல் ஆவணம் கேட்கவும், நேர்காணலுக்குக் கூப்பிடவும் உங்கள் விசா விதித்தொகுப்பின் 21-ஆவது பிரிவே இடம் தருகிறது. சென்னையில் ஃபைலை வாங்கிக் கைரேகை எடுக்கும் மையத்துக்கு முடிவில் எந்தப் பங்கும் இல்லை. அவர்களிடம் விளக்கிப் பயனில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டும் திருப்தி வரவில்லையென்றால் மறுங்கள், எது போதவில்லை என்று ஒரு வரி எழுதி மறுங்கள்.

மேல்முறையீட்டோடு சிட்டா, அடங்கல், மாமாவின் அப்பாவுக்கான வாரிசுச் சான்றிதழ், முந்தைய பருவங்களின் கரும்புப் பணச் சீட்டுகள், பால் சொசைட்டி பாஸ்புக் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்புடன் வைத்திருக்கிறோம். அக்காவின் போன் நம்பர் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் வராது. தமிழ் தெரிந்தவர் உங்களிடம் இல்லையென்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வர எட்டு மணியாகும், அதற்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு வரிக் கணக்கர்