துக்க வீட்டுக்கு வசனம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகிழ்ச்சி தானாக வந்து சேரும் என்று காத்திராமல், அன்றாடம் நாமே அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று கிறிஸ்தவர்களுக்கு அறிவுறுத்தித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதன் அடிப்படைக் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும், அந்தக் கட்டுரையை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போய், கணவரை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பெண்ணிடம், "சந்தோஷமாயிருங்கள் என்று வேதம் சொல்லுகிறதே அம்மா" என்று ஒப்பிக்கக்கூடியவர்கள் நம் சபைகளில் குறைவில்லை என்பதால், கட்டுரையாளர் தொடாமல் விட்டதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலின்போது, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களில் பலர் கரை திரும்பவில்லை. நான்கு வாரங்களுக்குள் கிறிஸ்துமஸ் வந்தது. உடலும் கிடைக்காத நிலையில், போய்விட்டார் என்று வாய்விட்டுச் சொல்லவும் மனம் துணியாத ஒரு குடும்பத்தின் வீட்டில், "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனம் எதைக் கேட்கிறது? கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றி எழுதுகிறவர் எவரும் இந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும்.

பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபமே, அதாவது கடிதமே, இந்தப் பொருளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. அவர் சிறையில் கட்டப்பட்டவராக இருந்துகொண்டு அதை எழுதினார் என்பதைச் சொல்லாத போதகர் இல்லை. நான்கே அதிகாரங்கள் கொண்ட அந்த நிருபத்தில் வேறு சில செய்திகளும் உண்டு. அவை பிரசங்க மேடைக்கு அரிதாகவே வருகின்றன. சபையார் கொடுத்தனுப்பிய உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டதையும், தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் இரங்கினார் என்பதையும் பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் சிலரைப் பற்றிக் கண்ணீரோடு சொல்லுகிறார். நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்களை ஒரே சிந்தையாயிருக்கும்படி வேண்டிக்கொண்டு, அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். அதற்கு அடுத்தபடியாகத்தான், "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது. மனஸ்தாபமும் வியாதியும் பணமுடையும் நிறைந்த ஒரு சாதாரண சபையைப் பார்த்துச் சொன்ன சொல் அது. தம்மைப் பற்றிப் பேசும்போதும், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதாகவே அவர் சொல்லுகிறார். அவருக்கே கற்கவேண்டியிருந்த ஒன்றை, துக்கத்தில் இருப்பவர் ஒரே வாரத்தில் தேறிக் காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்?

அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் வசனம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் சட்டமிட்டுத் தொங்குகிறது. அதற்கு முந்தைய வசனத்தைச் சட்டமிட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. படையெடுத்து வரும் கல்தேயரைப் பற்றிக் கேட்டதும் தமது குடல் குழம்பியதையும், உதடுகள் துடித்ததையும், நின்ற இடத்திலேயே நடுங்கியதையும் அவர் அங்கே சொல்லுகிறார். அந்த நடுக்கத்தைச் சொல்லி முடித்த வாயிலிருந்துதான் மகிழ்ச்சியின் வார்த்தையும் வருகிறது. முதல் பாதியைச் சொல்ல ஒருவருக்கு இடம் கொடுக்காமல் இரண்டாம் பாதியை மட்டும் அவரிடம் எதிர்பார்க்கிறோம்.

இதனால் சோர்ந்த முகத்தைப் பக்தி என்று நினைப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகக் கொள்ளவேண்டாம். உயிர்ப்புப் பெருவிழா இல்லாத தவக்காலத்தைப் போலச் சில கிறிஸ்தவர்களின் வாழ்வு இருக்கிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் எழுதினார். அதே பத்தியிலேயே, வாழ்வின் எல்லாக் காலங்களிலும், குறிப்பாகக் கடும் துன்ப வேளைகளில், மகிழ்ச்சி ஒரே விதமாக வெளிப்படாது என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். முதல் வாக்கியம் பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை என்பது என் வருத்தம்.

அப்படியானால் மகிழ்ச்சியை எப்படித்தான் பழகுவது? எனக்குத் தெரிந்தவரை, இதற்கு நெகேமியாவின் புஸ்தகம் எட்டாம் அதிகாரத்தைவிடத் தெளிவான விடை வேதாகமத்தில் இல்லை. ஏழாம் மாதம் முதல் தேதியில் எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் ஜனங்கள் கூடியிருக்க, ஆசாரியரான எஸ்றா மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் அழுகிறார்கள். அப்பொழுதுதான், "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்ற, இன்று வாகனங்களின் பின்கண்ணாடிவரை ஏறிவிட்ட அந்த வார்த்தை சொல்லப்படுகிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் இருப்பவை செய்யவேண்டிய வேலைகள்: போய்ச் சாப்பிடுங்கள், குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள். ஜனங்கள் அப்படியே செய்தார்கள். மறுநாள் தொடங்கி, மலைக்குப் போய் ஒலிவக் கிளைகளையும் பேரீச்ச மட்டைகளையும் வெட்டிவந்து, வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் கூடாரங்கள் போட்டார்கள். மிகுந்த சந்தோஷம் உண்டாயிற்று என்ற செய்தி அதற்குப் பிறகு வருகிறது. முதலில் கைக்கு வேலையும் அடுத்த வீட்டுக்குப் பங்கும் சொல்லப்பட்டன. மனம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

திருநெல்வேலிச் சீமையின் பழைய சபைகள் இதை எவரும் விளக்காமலே அறிந்திருந்தன. எங்கள் பகுதிக் கிராமங்களின் அசனப் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வீட்டுக்கு இவ்வளவு என்று பணமும் அரிசியும் சேர்த்து, ஆலய வளாகத்திலேயே அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி, ஐயரவர்கள் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஜெபித்ததும் ஊரே பந்தியில் உட்காரும். அன்று காலையில் துக்கத்தோடு எழுந்தவரும் வெங்காயம் உரிக்கவோ இலை போடவோ போயாக வேண்டும். "முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்" என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை, வாளியைத்தான் கையில் கொடுக்கிறார்கள். காணிக்கையாக வந்த பொருள்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கடை விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து எடுத்துவிட்டு, பெருமை பொங்க வீட்டுக்குத் தூக்கிப்போகும் பெரியவரின் நடையில் உள்ள சந்தோஷத்தையும் எந்தப் பிரசங்கமும் உண்டாக்கியதில்லை. சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோன நம் பாட்டிமார், வறுமையிலும் தங்களைக் கொடுக்கிறவர்களாக உணர்ந்தார்கள். அந்தப் பிடி அரிசி இங்கே பல ஊர்களில் அருகிவிட்டது. மிசோரம் மாநிலத்துச் சபைகளிலோ அது இன்றும் ஊழியங்களைத் தாங்கும் அளவுக்கு உயிரோடிருக்கிறது.

இவற்றின் இடத்தை இப்போது பிடித்துக்கொண்டிருப்பவை புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளும் காலைதோறும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் வசனப் படங்களும். அவற்றில் தீங்கொன்றும் இல்லை. ஆனால் வருமானம் பெருகும், வீடு கட்டுவீர்கள் என்ற வாக்கோடு மகிழ்ச்சியை முடிச்சுப் போட்டுவிட்டால், வருமானம் பெருகாத ஆண்டில் அந்த விசுவாசி தன் விசுவாசத்தையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மனச்சோர்வு என்னும் நோயில் அகப்பட்டவரால் மகிழ்ச்சியைத் தேர்ந்துகொள்ள முடியாமற்போவது அவருடைய அவிசுவாசத்தைக் காட்டுவதாகாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரை எந்தச் சபையும் குறை சொல்வதில்லை. மனநல ஆலோசனைக்காக ஒன்றிய அரசு நடத்தும் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பதற்குப் போதகர்கள் தயங்கவேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடிக்கொண்டு கீத பவனிக் குழுக்கள் வீடு வீடாகப் போகையில், அந்த ஆண்டில் சாவு நேர்ந்த வீட்டு வாசல் வந்ததும் டிரம்ஸை நிறுத்திவிட்டு, பாமாலை என்னும் ஆலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டை அடக்கமாகப் பாடி, ஜெபித்து, வீட்டுப் பெரியவரின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படவும், அழுகிறவர்களோடு அழவும் ரோமருக்கு எழுதின நிருபம் ஒரே வசனத்தில் சொல்வதை அந்த இளைஞர்கள் ஒரே இரவில் செய்துவிடுகிறார்கள்.

தங்கள் நாளிதழின் வழியாகச் சபை மூப்பர்களிடம் ஒரு வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். இப்போதெல்லாம் அசனத்தில் எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு, மிஞ்சியதைத்தான் வரமுடியாதவர்களின் வீடுகளுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிறோம். இனிமேல் முதல் பந்தி உட்காருவதற்கு முன்பாகவே, படுக்கையில் இருப்பவர்கள், துக்க வீட்டார், மனம் ஒடிந்து ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் ஆகியோரின் பெயர்களை எழுதிவைத்து, சோற்றையும் குழம்பையும் சூடு ஆறுமுன் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், கொண்டுபோகிறவரும் அங்கேயே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.