ஈரச் சேறு காத்த சக்கரம்

ஆசிரியருக்கு,

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள ஏரிக்கரைத் தூண் வீடுகள் (வரலாற்றுக்கு முந்தைய மக்கள் மரத் தூண்களை நட்டுக் கட்டியவை) பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்தேன். ஆறு நாடுகளில் உள்ள 111 இடங்கள் 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததைச் சொன்ன கட்டுரை, கல் கோடரிகளோடும் வெண்கலக் கத்திகளோடும் நின்றுவிட்டது. சரி, அவை வேறு இடங்களிலும் கிடைப்பவைதானே? மற்ற இடங்களில் மக்கிப்போகும் பொருள்கள் இங்கே மிஞ்சியதில்தான் அருமை இருக்கிறது: நெய்த துணி, மீன்வலை, கருகிய ரொட்டித் துண்டு. ஸ்லோவேனியாவின் லியூப்லியானா சதுப்பு நிலத்தில் அச்சோடு கிடைத்த மரச்சக்கரத்துக்கு வயது 5,000 ஆண்டுக்கு மேல்! காற்றுப் புகாத ஈரச் சேறுதான் அதைக் காத்தது.

எங்கள் கிணற்றைத் தூர்வாரியபோது, பல ஆண்டுகள் நீரில் கிடந்த நெல்லிக்கட்டையை எடுத்து வெளியே போட்டோம். கெட்டியாக இருந்த மரம், ஒரு வாரம் வெயில் பட்டதும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஏரியின் நீர்மட்டம் இறங்கினாலோ, சதுப்பு நிலத்து நீரை வடித்தாலோ அந்தத் தூண்களுக்கும் இதே கதிதான். வெளியே எடுத்த ஈர மரத்தைச் சிதையாமல் எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்று அடுத்த இணைப்பில் விரிவாக எழுதுங்கள். அந்தச் சக்கரத்தின் படத்தையும் பெரிதாகப் போடுங்கள்.