மொட்டைமாடியில் ஒரு காற்றாலை

திருவான்மியூர்,
ஆடி 18

அன்புள்ள மக்கா,

உன் ஊர்ப் பாணியிலேயே கூப்பிட்டுவிட்டேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. முட்டிவலி இப்போது தேவலையா? மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் படிப்பதாகச் சொல்கிறான்.

வேலையை விட்ட பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். மொட்டைமாடியில் காற்றாலை ஒன்று கட்டியிருக்கிறேன், முழுக்கப் பழைய சாமானில். ஆரல்வாய்மொழியில் வாசலைத் திறந்தாலே காற்றாலையைப் பார்க்கிற உன்னிடம் இதைச் சொல்வது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். சரி, சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

முதலில் பரணில் கிடந்த சீலிங் ஃபேனைத்தான் கழற்றினேன். கரண்ட் கொடுத்தால் சுற்றுகிறதே, அப்படியானால் சுற்றினால் கரண்ட் வரத்தானே வேண்டும்? இரண்டு நாள் கை வலிக்கச் சுற்றியும் மீட்டர் முள் அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அது இண்டக்‌ஷன் மோட்டார், உள்ளே காந்தமே கிடையாது. பாலிடெக்னிக்கில் இதே கேள்விக்கு நீ காட்டித்தான் நான் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா?

நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார் வேண்டும். டிரெட்மில்லில் இருப்பது அந்த வகை. ஒரு மாதம் அதில் ஓடி, ஒரு வருடம் அதில் துணி காயப்போட்டு, கடைசியில் காயலான் கடைக்குப் போடுவது இந்த ஊர் வழக்கம். கடைக்காரர் 1,500 சொன்னார், 900-க்குப் படிந்தது. தகட்டில் 180 வோல்ட், 4,000 சுற்று என்று போட்டிருந்தது. அதாவது ஒரு வோல்ட்டுக்கு 22 சுற்று. 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆக 13 வோல்ட்டாவது வேண்டும், நிமிடத்துக்கு 300 சுற்று இருந்தால் போதும். காரில் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரை வாங்கச் சொன்னவர்களும் உண்டு. அதற்கு ஆயிரத்துக்கு மேல் சுற்று வேண்டும், காற்றில் இறக்கை நேராக அந்த வேகத்தில் சுற்றாது.

இறக்கைக்கு 6 அங்குல பிவிசி குழாய். இரண்டடி நீளம் வெட்டி நீளவாக்கில் நாலாகப் பிளந்தால் மூன்று இறக்கை, ஒன்று உபரி. குழாயின் வளைவே இறக்கைக்கு வேண்டிய வளைவைக் கொடுத்துவிடுகிறது. அடியை அகலமாக விட்டு நுனியைக் குறுக்க வேண்டும். மூன்றும் ஒரே எடையில் இல்லையென்றால் கம்பமே ஆடும், அதனால் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்து உப்புத்தாளால் தேய்த்தேன். நடுவில் மொட்டையாகிப்போன வட்ட ரம்பத் தகடு. காற்று வரும் பக்கம் திரும்ப, சைக்கிளின் முன் ஃபோர்க்கை பேரிங்கோடு அறுத்துக் கம்பத்தில் பற்றவைத்தோம். வாலுக்கு எண்ணெய் டின் தகரம்.

ஏற்றிய அன்று மாலை காற்றே இல்லை. ஆனாலும் ஜம்மென்று சுற்றியது! எதிர் வீட்டுக்காரர் கைதட்டினார், உன் தங்கச்சி கேசரி கிண்டினாள். காலையில் பார்த்தால் பேட்டரி காலி. கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற டயோடு போட நான் மறந்திருக்கிறேன். பேட்டரி மோட்டாரை ஓட்டியிருக்கிறது, இரவு முழுக்க என் காற்றாலை வானத்துக்கு விசிறிக்கொண்டிருந்திருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடி ஒரு டயோடு வாங்கிவந்து போட்ட பிறகு, காற்று இல்லாவிட்டால் அது மரியாதையாக நிற்கிறது. கேசரி மட்டும் மறுபடி கிடைக்கவில்லை.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகு. எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று முளைத்திருக்கிறது. கடற்காற்று அதில் மோதி, உச்சியிலிருக்கிற தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றிச் சுழன்று சிதறித்தான் எங்கள் மாடிக்கு வருகிறது. வால் இந்தப் பக்கம் பார்க்கும், அடுத்த நொடி அந்தப் பக்கம் பார்க்கும். இறக்கை வேகம் பிடிப்பதற்குள் காற்று திசை மாறிவிடும். கட்டடத்தை விடப் பல அடி மேலே கம்பம் நிற்க வேண்டும், என்னுடையது மாடியிலிருந்து பத்தடிதான். காற்றின் வேகம் பாதியானால் அதிலிருக்கிற ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும் என்பது தெரிந்ததுதான். தெரிந்து என்ன, பக்கத்துத் தொட்டியை நகர்த்தச் சொல்ல முடியுமா?

கணக்கைக் கேள். ஒரு மாதம் நோட்டில் குறித்துவைத்தேன். நாளைக்குச் சராசரி 40 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட் சேர 25 நாள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே வருகிற ஊரில்! உன் ஊரில் நிற்கிற 2 மெகாவாட் இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் இதே யூனிட்டை இரண்டு விநாடிக்குள் தந்துவிடும்.

ஆனாலும் மாடிப்படி விளக்கு இதில்தான் எரிகிறது. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் வில்லியம் கம்குவாம்பா என்ற பையன், 2001-02 பஞ்சத்தில் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவன், நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துச் சைக்கிளையும் டிராக்டர் விசிறியையும் வைத்து வீட்டுக்கு விளக்கேற்றினான். அவனுக்கு அது தேவை. எனக்கு இது பொழுதுபோக்கு, இரண்டையும் ஒன்றாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் கடற்காற்று எத்தனை மணிக்கு நுழைகிறது என்று நான் கவனித்ததில்லை. சித்திரையில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிட்டது. இப்போது ஆடியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று அதை உள்ளே விடாமல் தள்ளுகிறது, சாயங்காலம்தான் தலைகாட்டுகிறது. வால் கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பும் அந்த இரண்டு நிமிடத்துக்காகக் காபித் தம்ளரோடு மாடியில் போய் உட்காருகிறேன். என்னமோ ரயில் வருகிற மாதிரி.

ஐப்பசிக்கு முன்னால் இறக்கிவிடப் போகிறேன். 2016-ல் வர்தா புயலில் எங்கள் மாடித் தகரக் கூரை மூன்று வீடு தாண்டிப் போய் விழுந்தது, இந்த இறக்கை பறந்தால் யார் தலையில் விழுமோ. இறக்கியதை மறுபடி இங்கேயே ஏற்ற மனசில்லை. மொத்தமும் ஒரு சாக்கு மூட்டைதான், ரயிலில் கொண்டுவந்துவிடலாம். உன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பழைய தண்ணீர்த்தொட்டி மேடை ஒன்று உயரமாக இருந்ததே, இன்னும் இருக்கிறதா?

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மெட்ராஸ்காரன்