ஆள் வந்தாச்சு என்று சொன்ன வாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் ஓர் அம்மா எழுதிய கடிதத்தைப் படித்தேன். கோலாலம்பூரில் சிராஸ் பக்கம் மகனுக்கு வாடகை அறை தேடியபோது பெயரைக் கேட்டதுமே தொலைபேசியை வைத்துவிட்டார்கள், விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம் என்று கூசாமல் போடுகிறார்கள், இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியும் உண்மை. எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் கடைசியில், நம்மவர் யாரும் இப்படிச் செய்ய மாட்டோம் என்று முடித்திருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு முள் தைத்தது. அந்த அம்மாவோடு வாதம் செய்ய நான் இதை எழுதவில்லை. என் நெஞ்சில் இருப்பதை இறக்கி வைக்கத்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994-இல் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம், வீட்டுக்காரி 7 மாதக் கர்ப்பம். கெப்போங்கில் ஒரு வீடு காலி என்று கேள்விப்பட்டு, செந்தூலில் பொதுத் தொலைபேசியில் காசு போட்டுக் கூப்பிட்டேன். அந்த மனிதர் நன்றாகத்தான் பேசினார், வழிகூடச் சொல்லத் தொடங்கிவிட்டார். பெயர் கேட்டார், சொன்னேன். ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘சுடா அடா ஓராங்.’ ஆள் வந்தாச்சாம். கூட வேலை பார்த்த சீன நண்பரை அரை மணி கழித்துக் கூப்பிடச் சொன்னேன், வீடு காலியாகத்தான் இருந்தது. அந்த மூன்று மலாய்ச் சொற்களை நான் எத்தனை வருடம் சுமந்தேன் தெரியுமா? கல்யாண வீடோ மாமாக் கடையோ, யாராவது இனப் பாகுபாடு என்று வாயைத் திறந்தால் போதும், என் கெப்போங் கதையை எடுத்துவிட்டுவிடுவேன். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்கு 48 நாள் விரதத்தில் இருந்தேன். மச்ச மாமிசம் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய். வருடா வருடம் சுங்கை பத்து ஆற்றில் குளித்துவிட்டு, பால்குடத்தோடு பத்துமலையின் 272 படியும் ஏறி இறங்கி, மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வீடு திரும்பும்போது, இன்றுதான் பிறந்தேன் என்கிற மாதிரி ஒரு லேசு உடம்பில் தெரியும். மறுபிறவி என்றால் அதுதான் என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

விரதத்தின் பாதியில் ஒரு மாலை தொலைபேசி வந்தது. மகன் ஜோகூருக்கு வேலைக்குப் போனதில் பின்னறை இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது, வாடகைக்கு என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். அண்ணே, அறை இன்னும் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். பேச்சின் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, வங்காளதேசத்துக்காரர். நான் யோசிக்கவே இல்லை. அதுதான் விஷயமே. யோசித்து, கணக்குப் போட்டு, இந்த ஆள் வேண்டாம் என்று முடிவு பண்ணியிருந்தால் அது வேறு கணக்கு. எனக்கு வாய் தானாகத் திறந்தது. ‘சுடா அடா ஓராங்’ என்றேன். அதே மூன்று சொல். தொலைபேசியை வைக்கிறேன், அடுக்களையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, ஆள் வந்தாச்சா, யாரு, எங்கிட்டே சொல்லவே இல்லையே என்று கேட்கிறாள். அவள் நிஜமாகவே கேட்டாள். குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் மாலையுமாக, பதில் இல்லாமல் நின்றேன்.

மறுநாள் மத்தியானம்தான் எனக்குத் தைரியம் வந்தது. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, அறை இருக்கிறது, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். பரவாயில்லை அண்ணே, வேறு இடம் கிடைத்துவிட்டது என்றார். கோபமே இல்லாத குரல். 94-இல் அந்தப் பொதுத் தொலைபேசியில் என் வாயிலிருந்து வந்ததும் அதே குரல்தான், பழகிப்போனவனின் குரல்.

அன்றையிலிருந்து எனக்கு என் மேலேயே ஒரு சந்தேகம். வீட்டை ஒரு நோட்டம் விட்டேன். வாசலில் புல் வெட்ட இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த ஒரு மனிதர் மாதம் இரண்டு முறை வருவார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கோப்பை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும். அதை ஏன் அங்கே வைத்தோம் என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். தெரியலையே, எப்பவும் அங்கேதானே இருக்கு என்றாள். இது தனிக் கோப்பை என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனாலும் பிள்ளைகள் உட்பட எங்களில் ஒருவர்கூடத் தவறியும் அதில் தண்ணீர் குடித்ததில்லை.

உடனே என் பாட்டியின் மங்குக் குவளை ஞாபகம் வந்தது. பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவள். பினாங்கில் இறக்கி, ஜெரெஜாக் தீவில் ஆட்டு மந்தையை அடைப்பது மாதிரி அடைத்து, நோய் நொடி உண்டா என்று பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு விட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். அதே பாட்டி, எங்கள் லயத்து வீட்டின் பின்பக்கம், தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே ஓர் ஆணியில் விளிம்பு பெயர்ந்த மங்குக் குவளை ஒன்றை மாட்டி வைத்திருந்தாள். கால்வாய் கழுவ வருகிறவருக்கு அதில்தான் காப்பி. அவரும் எங்கள் தமிழர்தான். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, படிக்கிற உங்களுக்குத் தெரியும். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது போகவில்லை, ஆணியிலிருந்து இறங்கித் தொட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஆள் மட்டும் மாறிவிட்டார்.

என் மருமகன் கணினித் துறையில் இருக்கிறார். இதைச் சொன்னபோது, மாமா, இதற்கு ஒரு சோதனையே இருக்கிறது என்றார். அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஆன்டனி கிரீன்வால்டும் கூட இருந்தவர்களும் 1998-இல் வெளியிட்டதாம். திரையில் முகமும் சொல்லும் மாறி மாறி வரும், இடது கையிலும் வலது கையிலும் பொத்தானைத் தட்ட வேண்டும். எந்த முகத்தோடு நல்ல சொல்லைச் சேர்க்கக் கை தயங்குகிறது என்பதை மில்லி விநாடிக் கணக்கில் அளக்கிறார்கள். நம் செகந்திராபாத்தில் பிறந்த மஹ்ஸரின் பனாஜி என்ற பேராசிரியைக்கும் அந்த ஆராய்ச்சியில் பெரிய பங்கு உண்டு என்றார். ஒரே ஆள் இன்னொரு நாள் உட்கார்ந்தால் வேறு முடிவு வரலாம், அதை வைத்துத் தனி மனிதருக்கு முத்திரை குத்தக் கூடாது என்று சண்டை போடுகிற அறிஞர்களும் இருக்கிறார்களாம். சரி, அவர்கள் பாடு. தமிழ் பேசுகிறவனுக்கு அந்தப் பொத்தானெல்லாம் எதற்கு? நாக்கே போதும்.

ஆங்கிலத்தில் யாரைப் பார்த்தாலும் யூ என்றுவிட்டுப் போய்விடலாம், ஒளிந்துகொள்ள இடம் உண்டு. தமிழில் வாயைத் திறந்ததும் நீயா நீங்களா என்று முடிவு பண்ணியாக வேண்டும், அந்த முடிவை நாம் எடுப்பதற்கு முன்னாலேயே நாக்கு எடுத்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து பரிமாறுகிறவரை நான் ‘தம்பி, ரசம் கொண்டா’ என்பேன். அவருக்கு 50 வயதிருக்கும். பக்கத்து மேசைச் சீன இளைஞன் தெரியாமல் காலை மிதித்தால், பரவாயில்லை பாஸ் என்பேன். அவனுக்கு 25. இந்தியாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்களை ஊர்க்காரங்க என்று நாம் சொல்வதிலேயே ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? நம் தாத்தா பாட்டி எந்த ஊர்க்காரங்களாம்?

விரதத்தில் பாக்கியிருந்த நாளில் இன்னொரு விரதம் சேர்த்துக்கொண்டேன். யாரையும் நீ, வா, போ என்பதில்லை, வாங்க போங்கதான். சைவத்தைவிட இது கஷ்டம், நம்புங்கள். முதல் நாளே அந்த உணவகத்தில், ‘அண்ணே, கொஞ்சம் ரசம் ஊத்துறீங்களா’ என்றேன். மனிதர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். ஐயா, சாப்பாட்டில் ஏதும் குறையா, முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். மரியாதை கொடுத்தால் புகார் வரப்போகிறது என்று பயப்படுகிற அளவுக்கு அவரைப் பழக்கி வைத்திருக்கிறோம். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சின்ன வயதில் கோயில் கதாகாலட்சேபத்தில் நந்தனார் கதை கேட்டு நான் தேம்பியிருக்கிறேன், பாட்டியும் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். வீட்டில் குவளை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்! பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறபடி, திருப்புன்கூரில் அந்த மனிதர் வெளியே நின்று கும்பிட நந்தி விலகிக் கொடுத்தது. தில்லையில் அவர் நெருப்புக்குள் இறங்கிப் பூணூலும் சடைமுடியுமாக வெளியே வந்த பிறகுதான் உள்ளே போனார். இந்த வயதில் எனக்கு வருகிற கேள்வி, அந்தப் பிறவியை மாற்றிக்கொண்டு வர வேண்டியவர் அவரா? வாசலில் அவரை நிறுத்தி வைத்த பழக்கம் யாருக்குள் இருந்ததோ அவர்கள் அல்லவா தீக்குள் இறங்கியிருக்க வேண்டும்? பக்திக் கதையில் போய்த் தர்க்கம் பேசாதே என்று கோயில் கமிட்டி நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். பேசினால்தான் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. பால்குடம் சுமந்து நான் பெற்ற லேசெல்லாம் இரண்டு நாளில் கரைந்துவிடும். அன்று மாலை வீட்டுக்காரி கேட்ட கேள்வியின் சூடு இன்னும் ஆறவில்லை.

இதனால் நான் பெரிய ஞானியாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கப்புறம் பின்னறைக்கு இரண்டு வங்காளதேசப் பையன்கள் வந்தார்கள், கட்டடக் கண்ணாடி துடைக்கிற வேலை. முதல் வாரம் அவர்கள் கடுகெண்ணெயில் மீன் பொரித்த வாசம் வீடு முழுக்க ஏறியது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. சுவரில் ஒட்டிக்கொள்ளும், திரைச்சீலையில் ஒட்டிக்கொள்ளும் என்று புலம்பினேன். அப்புறம்தான் உறைத்தது, நம் கறிவாசம் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்றுதானே நமக்கு வீடு இல்லை என்கிறார்கள்! ஆனால் உறைத்தும் மூக்கு உடனே சமாதானமாகவில்லை. வீட்டுக்காரிதான் ஒரு நாள் சம்பல் கொடுத்து அந்த மீனை வாங்கித் தின்று பார்த்தாள். எல்.ஆர்.டி ரயிலில் சில முகங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் என் கை பையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. இப்போது அது இழுப்பது எனக்குத் தெரிகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த அம்மா கேட்பது மாதிரி சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு எல்லாரும் சமம் என்கிறது, ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தைத்தான், தனி வீட்டுக்காரரை அல்ல. ஆகவே கேட்போம், உரக்கவே கேட்போம். கேட்கிற வாயில் இன்னொருவனுக்கு ‘சுடா அடா ஓராங்’ சொல்லிக்கொண்டே கேட்டால் யார் மதிப்பார்கள்?

கடைசியாக உங்களுக்கும் ஒன்று, ஆசிரியர் ஐயா. கோபிக்காதீர்கள். அந்த அம்மாவின் கடிதம் வந்த அதே ஞாயிறு இதழில், சில பக்கம் தள்ளி, மணமகள் தேவை விளம்பரங்களும் இருந்தன. 6 விளம்பரங்கள் இன்ன சாதி என்று கேட்டிருந்தன, 4 சிவந்த நிறம் வேண்டும் என்றிருந்தன. விரல் விட்டு எண்ணினேன். என் மூத்த மகனுக்குப் பெண் தேடியபோது நானும் இதே உங்கள் பத்திரிகையில் ‘நல்ல நிறமான’ என்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டியவன்தான், அதனால் உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பிரசுரிப்பதாக இருந்தால் வாசகர் பகுதியில் வேண்டாம், அந்த விளம்பரங்களுக்கு நடுவில் போடுங்கள். இடத்துக்குக் கட்டணம் உண்டென்றால் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
செந்தூல், கோலாலம்பூர்