படுதாவைச் சரித்துக் கட்டு

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். சின்னத்தை வந்து நாலு நாள் இருந்தாள், வழக்கம்போலத்தான்.

எதிர்வீட்டுப் பையன் உன் ஸ்டேட்டஸைக் காட்டினான். என் போனில் அது வரவில்லை. ஏதோ செட்டிங் என்றான். இருக்கட்டும்.

குடகுக் காட்டில் நீலப் படுதா. பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு மூலையும் ஒரே உயரம். மழை வந்தால் நடுவில் தொட்டி மாதிரிக் குழிந்துவிடும். முதலில் இரண்டு மரத்துக்கும் குறுக்கே ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டு. அதன்மேல் படுதாவைப் போட்டு இரண்டு பக்கமும் சரித்து இழு. காற்று வருகிற பக்கம் தரையோடு தாழ்ந்திருக்கணும். முளையை நேராக அடிக்காதே, தலை படுதாவுக்கு எதிர்ப்பக்கம் சாயட்டும். வளையம் பிய்ந்த மூலையில் ஒரு கூழாங்கல்லைச் சுருட்டி வைத்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கு. களத்தில் நெல்லுக்கு அப்படித்தானே கட்டுவோம். மரத்தில் வழிகிற தண்ணீர் கயிற்றோடு உள்ளே வரும், ஒரு சாண் முன்னால் கந்தல் துணி கட்டினால் அங்கேயே சொட்டிவிடும். நைலான் கயிறு நனைந்தால் தொய்யும், படுக்குமுன் இழுத்துவிடு. சரித்துக் கட்டு, அதுதான் முக்கியம்.

உள்ளே ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு டம்ளர் தெரிந்தது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

காய்ந்த ஓடையில் இறங்கிக் கட்டாதே, மேலே எங்கோ பெய்த மழை ராத்திரியில் வந்துவிடும். பட்டுப்போன கொப்புக்கு அடியிலும் வேண்டாம். வனத்துறையில் அனுமதி வாங்கினாயா? 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் போன பிள்ளைகளைச் சொல்லிச் சொல்லி அம்மா தூங்கவில்லை. அவள் கேட்கச் சொன்ன இன்னொன்றை நான் எழுதவில்லை.

காட்டில் போய்ப் படுக்கிற தைரியம் நம் வீட்டில் யாருக்கு இருந்தது? டீக்கடையில் எல்லோருக்கும் காட்டச் சொன்னேன். போன் போட்டால் எடுக்கத்தான் உனக்கு நேரமில்லை.

அதே வருஷம் நவம்பர் 16 கஜா புயல். கூரை போன வீட்டுக்கு நீ காலேஜிலிருந்து ஓடி வந்து படுதா கட்டினாய். குறுக்குக் கயிறு போட்டு, சரித்து, சரியாகத்தான் கட்டினாய். விழுந்து கிடந்த தென்னையைப் பார்த்த ஆத்திரத்தில், உனக்கென்னடா தெரியும் என்று ஊர் பார்க்க அவிழ்த்துப்போட்டுவிட்டு நான் தட்டையாகக் கட்டினேன். ராத்திரி மழையில் குழிந்து, முடிச்சு விட்டு, அத்தனை தண்ணீரும் அப்பாயி மேல் கொட்டியது. முடிச்சு அம்மா போட்டது என்றேன். அவள் அந்தப் பக்கமே வரவில்லை, நான் போட்டதுதான். அதற்கப்புறம் கார்த்திகை முழுக்க அவளோடு பேசவில்லை, தப்பு அவளுடையது மாதிரி. கடைசியில் அவள்தான் சாப்பிடக் கூப்பிட்டாள்.

உன் படத்தில் இருப்பது நான் கட்டின கட்டு. நீ கட்டினது இல்லை.

மருமகளுக்குப் பிடிக்குமென்று அம்மா அதிரசம் சுட்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை உன் ஆபீசுக்குப் போடுகிறேன். பார்சலுக்கு வீட்டு விலாசம் பழையதுதானே?

அப்பா