ரசம் போன கண்ணாடி

ரங்கூன்
ஐப்பசி மாதம்

அன்புள்ள சேது,

முழங்கால் வலி குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நிறுத்தச் சொன்னது டாக்டரா, நீயேவா என்று மட்டும் எழுதவில்லை. எனக்குத் தெரியாதா, நீயேதான்.

இங்கே மழை விட்டாயிற்று. கரண்ட் வருகிறது, போகிறது. கடையில் வேலை குறைச்சல்தான், இருந்தாலும் காளி கோயில் பக்கம் நம் ஆட்கள் இருக்கும்வரை சாமி படத்துக்கு ஃபிரேம் போட யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள். என் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து கண்ணாடி வெட்டும் வைரத்தை மூத்தவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வெட்டும்போது பக்கத்தில் நின்று குறை சொல்வதுதான் இப்போது என் உத்தியோகம்.

அதனால் உன் மகன் அனுப்பிய மூன்று படங்களும் எனக்கு நல்ல தீனி. புது வீட்டு ஹாலுக்குப் பழைய கண்ணாடி ஒன்று வேண்டும் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறான். நல்ல தெரு. ஆனால் போனில் எடுத்த படத்தை வைத்துக் கண்ணாடியை எடைபோட முடியாது. படத்தில் தெரிவது கண்ணாடி இல்லை, கண்ணாடிக்கு எதிரே இருந்த கடைக்காரருடைய மின்விசிறி. மறுபடி போகச் சொல். ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் தாள், ஒரு ரூபாய்க் காசு, மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்.

முதல் படத்தில் இருப்பதை விட்டுவிடச் சொல்கிறேன். தங்க நிறச் சட்டம், உச்சியில் பூக்கூடை, பார்வைக்கு ஜமீன் வீட்டுச் சாமான்தான். ஆனால் பூவின் மடிப்புகளில் நிறம் பழுப்பும் பச்சையுமாக இறங்கியிருக்கிறது, கவனித்தாயா? தங்க ரேக், அதாவது மெல்லிய தங்கத் தகடு, அப்படி மாறாது. தேய்ந்து, அடியில் பூசிய செம்மண் நிறம் தெரியுமே தவிர கறுக்காது. இது பித்தளைப் பொடி கலந்த பெயின்ட். உண்மையான ரேக் ஒட்டிய சட்டத்தில், ஒரு ரேக்கின் ஓரத்தில் அடுத்தது ஏறிய இடம் மெல்லிய கோடாகத் தெரியும். தஞ்சாவூர்ப் படம் போடுகிறவர்கள் சொல்வார்கள். பூவேலை மரத்தில் செதுக்கியதா, மக்கில் அச்செடுத்ததா என்பதும் பார்க்க வேண்டியதுதான். சுண்ணாம்புப் பொடியும் வஜ்ஜிரப் பசையும் குழைத்த மக்கு நாளானால் குறுக்கே வெடிக்கும், மரம் தன் ரேகையை ஒட்டிப் பிளக்கும். மக்கு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை, விலைதான் வேறு.

அதைவிட எனக்கு உறுத்துவது அதன் புள்ளிகள். கண்ணாடி முழுக்க, நடுவிலும் ஓரத்திலும் ஒரே அடர்த்தியில், கோலப்பொடி தூவினாற்போல. காலம் அப்படி வேலை செய்யாது. ஈரம் ஓரத்திலிருந்துதான் உள்ளே வரும், அதிலும் கீழ் ஓரத்தைத்தான் முதலில் பிடிக்கும். நடு மார்பில் சீராகப் புள்ளி இருந்தால் யாரோ பின்பக்கத்துப் பெயின்டைச் சுரண்டி அமிலம் தெளித்திருக்கிறார்கள். நானே ஏமாந்திருக்கிறேன் சேது, தொழில்காரன் நான். பதினைந்து வருஷம் முன்னால் ஒரு வியாபாரி இருட்டு நேரத்தில் காட்டினார், வாங்கி வந்துவிட்டேன். மறுநாள் பின்பலகையைக் கழற்றினால் அடியில் ஃபார்மைக்கா ஒட்டிய ஒட்டுப்பலகை. என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். தேக்குச் சட்டம் போட்ட நிலைக்கண்ணாடி, கீழ்ப்பக்கம் ரசம் போய்ச் சாம்பல் பூத்திருக்கிறது என்று உன் மகன் முகம் சுளித்திருக்கிறானே, அது. எனக்குப் பிடித்தது அதுதான்.

ரசம் போன கண்ணாடி என்று நாம் உதவாத பொருளுக்கு உவமை சொல்கிறோம். அந்த ரசம் நிஜமாகவே பாதரசம்தான். அந்தக் காலத்தில் வெள்ளீயத்தைத் தகடாகத் தட்டி மேசைமேல் விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை மெல்லச் சறுக்கி ஏற்றி, மேலே கல்லைப் பாரம் வைத்துவிடுவார்கள். மிச்சப் பாதரசம் வடிய வாரக்கணக்கில் ஆகும். வெனிஸ்காரர்கள் அந்த வேலையில் பேர்போனவர்கள். அதன் ஆவியை மூச்சில் இழுத்தே பட்டறைக்காரர்களுக்குக் கை நடுக்கம் வந்தது. (என்னுடையது வயசு நடுக்கம், பயப்படாதே.) 1835-இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியல்காரர் கண்ணாடியின் முதுகில் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை இரண்டு வகையும் புழக்கத்தில் இருந்தன. கடைசியில் வெள்ளி வென்றது, ஆனால் நம் வாயில் ரசம்தான் நிலைத்தது. இன்றைக்கும் என் கடைக்கு வருகிறவர், அலுமினியம் பூசிய மட்டக் கண்ணாடியைக் காட்டி, ரசம் போய்விட்டது என்கிறார்.

டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்க்கச் சொல். பாதரசக் கண்ணாடி என்றால் உள்ளே உப்புத்தூள் மின்னுகிறாற்போல் பொடிப்பொடியாக மின்னும், முகம் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். வெள்ளி என்றால் முகத்தில் ஒரு மஞ்சள் சூடு இருக்கும், கெட்டுப்போன இடம் கறுப்பாக இருக்கும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் அநேகமாக 1850-க்கும் 1940-க்கும் நடுவில் எழுந்தவை, அதிலும் அந்தக் காலத்தின் பின்பாதியில் எழுந்தவை நிறைய. அதனால் இது வெள்ளியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒருவேளை பாதரசமாக இருந்தால் ஒன்று மட்டும் ஞாபகம் வைக்கச் சொல்: தலைகீழாகத் திருப்பக்கூடாது, படுக்கப்போடக்கூடாது, முதுகைச் சுரண்டவே கூடாது. குழந்தை தவழும் வீடு வேறு.

அப்புறம் காசு. காசின் விளிம்பைக் கண்ணாடியில் வைத்தால், காசுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அது கண்ணாடியின் தடிமனைச் சொல்லும். நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கையால் அரைத்துத் தேய்த்த கண்ணாடி ஒரு மூலையில் தடித்தும் ஒரு மூலையில் மெலிந்தும் இருக்கும். வாசற்கதவின் நிலை கண்ணாடியில் விழும்படி ஓரமாக நின்று தலையை மெதுவாக அசைத்தால், அந்தக் கோடு நெளிந்தால் பழசு. நெளியாவிட்டால் புதுசு என்று முடிவு கட்டாதே, உயர்ந்த ரகத்தை மெருகேற்றித்தான் ரசம் பூசினார்கள். இப்போது வருகிற கண்ணாடி எல்லாம் உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு இழுப்பது. இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி அதை 1959-இல் அறிவித்தது. நெளிவே கிடையாது. முன்பு கண்ணாடிக்கு முதுகாக இருந்த வெள்ளீயம் இப்போது தொட்டிலாகிவிட்டது, பார்.

விளிம்பில் சரிவாகத் தேய்த்திருக்கும் பெவலை விரலால் தடவச் சொல். கையால் பிடித்த பெவல் அகலமாக, சரிவு இருக்கிறதா இல்லையா என்று விரலே சந்தேகப்படும்படி இருக்கும். மெஷின் பெவல் கத்தி மாதிரி சட்டென்று இறங்கும். பின்பலகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கழற்றிக் காட்டமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். வட்டமான ரம்பத் தடமா, நேர்த் தடமா, ஆணி எப்படித் துருப்பிடித்திருக்கிறது, பலகை சுருங்கி இடைவெளி விட்டிருக்கிறதா எல்லாம் அங்கேதான். பர்மா தேக்கு என்று சொல்வார்கள். இங்கே அலோன் பக்கம் மரம் அறுக்கும் மில்லைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன் நீ, உனக்குத் தேக்கு வாசனையை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. நீயே ஒருநாள் ஆட்டோ பிடித்துப் போய் மோந்து பார். பெல்ஜியம் என்றும் சொல்வார்கள். பெல்ஜியத்திலிருந்து ஏராளமாக வந்தது உண்மை. ஆனால் வந்ததைவிட அதிகமான பெல்ஜியம் கண்ணாடி காரைக்குடியிலும் ரங்கூனிலும் இருக்கிறது.

உன் மகன் கேட்டிருக்கிறான்: அதை வாங்கி, பழைய ரசத்தை எடுத்துவிட்டுப் புதுசாகப் பூசிக்கொள்ளலாமா என்று. கூடாது. என் அப்பா காலத்துக் கண்ணாடி ஒன்றை நான் முப்பது வயசில் அப்படிச் செய்தேன். சுரண்டி, கழுவி, வெள்ளி பூசி மாட்டினேன். பளிச்சென்று இருந்தது. மருந்துக்கடைக் கண்ணாடி மாதிரி. ஆயிரம் வேலைப்பாடு உள்ள சட்டத்துக்குள் என் மூஞ்சி மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் தெரிந்தது. ரசம் போயிருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கட்டும், அது நியாயம். வாங்கினபின் அதைத் தொடக்கூடாது. முகம் பார்க்க வேண்டுமென்றால் குளியலறையில் புதுக் கண்ணாடி இல்லையா என்ன. ஹாலில் மாட்டுவது முகத்துக்காக இல்லை, வெளிச்சத்துக்காக.

மூன்றாவது படம், சட்டமில்லாத வட்டக் கண்ணாடி, ஓரத்தில் பூ வெட்டு. 1930-கள் வாக்கில் அந்த மோஸ்தர் நிறைய. நல்லதுதான், ஆனால் ஹாலுக்குச் சின்னது. மருமகள் அறைக்கு ஆகும்.

மாட்டும் இடத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எல்லோரும் கண்ணாடியையே பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள், அது எதைப் பார்க்கப்போகிறது என்று பார்ப்பதில்லை. எதிரே முற்றத்து வெளிச்சமோ மரமோ இருந்தால் ஹால் இரட்டிப்பாகும். டிவி இருந்தால் இரண்டு டிவி. மாடிப்படிக்கு அடியில் செருப்பு குவித்திருந்தால் அதுவும் இரண்டு. வாஸ்துக்காரர் வடக்கு, கிழக்கு என்பார், அந்தச் சுவரிலேயே கொஞ்சம் இடவலம் நகர்த்தி உனக்கு வேண்டியதைக் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். மழை அடிக்கிற வெளிச்சுவராக மட்டும் இருக்க வேண்டாம். எந்தச் சுவரானாலும் பின்னால் நாலு மூலைக்கும் கார்க்குத் துண்டு ஒட்டி அரை அங்குலம் காற்றோட்டம் விடச் சொல். விபூதி போட்டுத் துடைப்பது நம் வீட்டு வழக்கம், செய்யட்டும். ஆனால் ஸ்பிரேயை நேரே கண்ணாடிமேல் அடித்தால் தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும், அதுதான் எமன். துணியில் நனைத்துத் துடைக்கட்டும்.

கனம். மூன்றடிக்கு நாலடி, ஆறு மில்லிமீட்டர் தடிமன் என்றால் கண்ணாடி மட்டும் பதினாறு, பதினேழு கிலோ. தேக்குச் சட்டம் தனி. ஒற்றை ஆணியில் தொங்கவிட்டால் மகனை நான் மன்னிக்கமாட்டேன். இரண்டு கொக்கி, இரண்டு தனித்தனிக் கம்பி, செங்கல்லில் இறங்கிய திருகாணி. 2025 மார்ச் 28-ஆம் தேதி நிலநடுக்கத்தில் மாண்டலேயில் மச்சினன் குடும்பம் உயிர் தப்பியதே பெரிது, வீட்டில் ஒரு கண்ணாடி மிஞ்சவில்லை. இங்கே ரங்கூனில் லேசான ஆட்டம்தான், என் வீட்டுக் கண்ணாடி இரண்டு சங்கிலியில் ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றது. உடைந்த கண்ணாடி வீட்டில் ஆகாது என்பாள் என் அம்மா. இங்கே பகோடாத் தூண் முழுக்கக் கண்ணாடிச் சில்லுதான், தங்கத்துக்கு நடுவில் பதித்திருக்கிறார்கள். என் கடையில் உடைவதை இப்போதெல்லாம் அந்த வேலைக்காரர் ஒருவர் வந்து எடுத்துப்போகிறார்.

ஊஞ்சல் ஆடிய கண்ணாடி எது தெரியுமா? அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். நம் தெருமுனைச் சலூனில் எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி இருக்குமே, அதில் ஒன்று. கடையை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். இன்னொன்று அதற்கு முன்பே போய்விட்டது. பின்பலகையில் ஒரு பேப்பர் லேபிள், பெல்ஜியம் என்பதில் பாதி எழுத்து மிச்சம். கீழே ஒரு சாண் அகலத்துக்கு ரசம் இல்லை.

1964-இல் நீ இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் சலூன்காரர் உன்னையும் என்னையும் உட்காரவைத்து முடி வெட்டினாரே. உங்கப்பா கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம், நூறு சாட் நோட்டும் ஐம்பது சாட் நோட்டும் செல்லாமல் போன வருஷம். காசு வேண்டாம் என்றுவிட்டார். நாம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நின்று, உள்ளே எத்தனை சேது நிற்கிறார்கள் என்று எண்ணினோம். போகப் போகப் பச்சையாகிக்கொண்டே போனாய் நீ. பேய் என்று நான் சொன்னேன். பேய் இல்லை, கண்ணாடி மணலில் கலந்திருக்கும் இரும்பு. ஒவ்வொரு தடவை கண்ணாடிக்குள் போய் வரும்போதும் மற்ற நிறங்கள் கொஞ்சம் அதிகமாகச் செத்துப்போகும், பச்சை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். வெள்ளைத் தாளைக் கொண்டுபோகச் சொன்னது அதற்குத்தான், கண்ணாடிமேல் வைத்துப் பிம்பத்தின் நிறத்தைப் பார்க்க. மறந்துவிட்டேன் சொல்ல.

நீ பதினேழு சேது என்று சாதித்தாய். ஜோடிக் கண்ணாடி இல்லாமல் இனி நிரூபிக்க வழியில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. போன வாரம் கடையிலிருந்து ஒரு புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தி, பேரனை நடுவில் நிற்கவைத்து எண்ணினேன். பதினாலுதான்.

மகனிடம் சுவர் அளவை எடுத்து அனுப்பச் சொல். அடி, அங்குலத்தில்.

என்றும் உன்,
மாணிக்கம்