சேர்த்துவிட்டால் வருவது யார் பணம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு வரி விளம்பரப் பக்கத்தில் ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், செல்போன் போதும்’ என்ற வகை விளம்பரங்கள் வாராவாரம் வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காங்கேயம் பக்கம் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஊக்குநராக இருக்கிறேன். போன ஆடியில் எங்கள் உறுப்பினர் ஒருவர், தையல் மெஷினுக்கு மோட்டார் மாற்ற வேண்டும் என்று குழுவின் பணத்திலிருந்து தரும் உள்கடனாக 6,000 ரூபாய் கேட்டார். தீர்மான நோட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனால், மெஷின் போர்வை மூடிக் கிடக்கிறது. பணம் ஓர் ஆன்லைன் ‘அஃபிலியேட்’ நிறுவனத்துக்கு, அதாவது லிங்க் அனுப்பிக் கமிஷன் வாங்கச் சொல்லும் நிறுவனத்துக்குப் போயிருந்தது. பேக்கேஜ் 5,000, ஜிஎஸ்டி 900.

பேக்கேஜ் என்றால் செல்போனில் பார்க்கிற சில வீடியோ பாடங்கள். அதில் பாதியைக்கூட அவர் பார்க்கவில்லை. பார்த்தாயா என்று கேட்க ஆளும் இல்லை. அப்லைனில், அதாவது இவருக்கு மேல்வரிசையில், இருப்பவர் தினமும் கேட்டது ‘இன்னிக்கு லிங்க் யாருக்கு அனுப்புனீங்க?’ என்பது மட்டும். லிங்க் வழியாக ஒருவர் சேர்ந்தால் 3,000 கமிஷன். சேர்ந்தவர் இன்னொருவரைச் சேர்த்தால் இவருக்கு 400.

“அக்கா, வருமானம் வருதுங்க, பாருங்க” என்று ஸ்கிரீனைக் காட்டினார். 9,400 ரூபாய் வந்திருந்தது உண்மைதான். கீழே பெயர்களைப் பார்த்தேன். கூடப்பிறந்த அக்கா, நாத்தனார், பையனின் டியூஷன் டீச்சர். அந்த 400, அக்கா சேர்த்துவிட்ட பக்கத்து வீட்டம்மாவால் வந்தது. இந்த நால்வரும் கட்டியது 23,600. அதற்கப்புறம் ஒருவரும் சேரவில்லை. தீபாவளிக்கு நாத்தனார் இவர் வீட்டுக்கு வரவில்லை. இவரும் பாவம், நம்பித்தான் சேர்த்தார்.

லிங்க் போட்டுக் கமிஷன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு குக்கரைப் பற்றி எழுதுகிறோம், படித்தவர் தனக்குத் தேவை என்று கடையில் வாங்குகிறார், கடைக்காரர் லாபத்தில் பங்கு தருகிறார். அது நேர்மையான தொழில். புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணத்திலிருந்தே பழையவருக்குப் பங்கு போகும்போதுதான் விஷயமே மாறுகிறது.

குழுக் கூட்டத்தில் நோட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்கிறார், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து. பத்தாவது வரிசையில் 97,65,625 பேர் வேண்டும். பன்னிரண்டாவதில் 24 கோடியைத் தாண்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையே 7.21 கோடி. அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. இந்தச் சங்கிலி எந்த வரிசையோடு நின்றுபோனாலும் மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆள் கிடையாது, கமிஷனும் கிடையாது. யாரும் சோம்பேறித்தனம் பண்ணாமல் எல்லாரும் சரியாக உழைத்தாலும் கணக்கு இதுதான். ‘நீங்க முயற்சி பண்ணலை’ என்று லீடர்கள் திட்டும்போது நம் பெண்கள் தலைகுனிந்து நிற்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது. ஆள் சேர்த்தால் பணம் என்கிற பணச்சுழற்சித் திட்டங்களை 1978-லேயே தடை செய்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை (கடையில்லாமல் ஆட்கள் மூலம் விற்பது) விதிகள், இப்படி அடுக்கடுக்காக ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களைத் தடுக்கின்றன. ‘நாலு பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட காசு திரும்பிவிடும்’ என்று சொல்லிப் பொருளை வாங்க வைக்கக் கூடாது என்றும் அவற்றில் இருக்கிறது. எங்கள் உறுப்பினரிடம் சொல்லப்பட்டது அச்சு அசலாக அதே வாக்கியம். குழுவில் ஒருவருக்கும் இந்த விதி தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

சேர்வதற்குப் பணம் கேட்கும் விளம்பரங்களை நீங்கள் வாங்கவே கூடாது என்பது என் விருப்பம். உடனே முடியாது என்றால், அதே பக்கத்தில் இந்த விதியையும் நுகர்வோர் உதவி எண் 1915, சைபர் குற்றப் புகார் எண் 1930 இரண்டையும் பெரிய எழுத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். கத்தரித்து எங்கள் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன். அடுத்த உள்கடனுக்குக் கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மகளிர் குழு ஊக்குநர் ஒருவர்,
காங்கேயம்.